ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு நான் கட்டிய 4 லட்சத்து 10 ஆயிரம்

2021 நவம்பரில் அலுவலக முகவரிக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கும்போது ஏதோ இலாகா கடிதம் என்றுதான் நினைத்தேன். பிரித்தால் இரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம், மேலே ஒரு நிதி நிறுவனத்தின் பெயர். நான் ஜாமீன் போட்டு என் நண்பன் வாங்கிய கடனில் 5 லட்சத்து 4 ஆயிரத்துச் சொச்சம் பாக்கி, அதை 15 நாளில் நான் கட்ட வேண்டும் என்று இருந்தது. அவன் வாங்கியதே 5 லட்சம். அதில் 15 தவணை கட்டியும் இருக்கிறான். அதற்குக் கீழே இந்த வரி: ‘யுவர் லயபிலிட்டி ஈஸ் கோ-எக்ஸ்டென்சிவ் வித் தட் ஆஃப் தி பாரோயர்.’ அதாவது உங்கள் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்போடு கோ-எக்ஸ்டென்சிவ். அந்தக் கோ-எக்ஸ்டென்சிவ் என்கிற சொல்லை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கவனித்தேன். கவனித்தேன் என்றுதான் சொல்ல முடியும். இரண்டு வருடத்துக்கு முன்பே அதே சொல் இருந்த பக்கத்தின் அடியில் என் கையெழுத்து இருந்தது.

நான் நில அளவர். 1999-இல் வேலைக்குச் சேர்ந்தவன். தமிழ் வழியில் படித்தவன். ஆங்கிலம் தெரியாது என்று சொல்ல மாட்டேன். அலுவலகச் சுற்றறிக்கை, அரசாணை எல்லாம் படித்துப் புரிந்துகொள்வேன். நாள் முழுக்கப் புல எண், உட்பிரிவு, பரப்பு என்று எழுதிப் பிழைக்கிறவன். அப்படிப்பட்டவனுக்கு இந்த ஒரு சொல் புரியாமல் போனது எப்படி என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. ஜாமீன் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். ஆனால் யாரும் வெளியே சொல்வதில்லை. யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தால் நான் அந்தப் பக்கத்தை ஒருமுறையாவது திருப்பிப் பார்த்திருப்பேன்.

2019 ஜூனில் நடந்தது இது. பள்ளிக்கூடக் காலத்து நண்பன், தாராபுரம் சாலையில் ஒரு பேக்கரி போடப் போகிறேன் என்றான். ஓவன், மாவு பிசையும் மிஷின், கண்ணாடி ஷோகேஸ் எல்லாம் சேர்த்து 5 லட்சம் கடன். வட்டி 15 சதவீதம், 60 மாதம், மாதத் தவணை 11,895 ரூபாய். இரண்டு ஜாமீன் கேட்கிறார்கள், அதில் ஒருவர் அரசு ஊழியராக இருக்க வேண்டுமாம். இன்னொருவர் அவன் மச்சான். “மாப்ள, ஒரு கையெழுத்துதான்டா. கட்டப் போறது நான்தானே?” என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை, கட்ட வேண்டும் என்றுதான் அவனும் நினைத்தான். கடன் கொடுக்க வந்த பையன் ஸ்டிக்கர் ஒட்டிய இடத்தையெல்லாம் விரலால் காட்டிக்கொண்டே போனான். 27 இடத்தில் கையெழுத்துப் போட்டேன். நான் எப்போதும் தமிழில்தான் கையெழுத்துப் போடுவேன், முதலெழுத்தும் தமிழில். அதைப் பார்த்ததும் அந்தப் பையன் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து நீட்டினான். இந்த ஆவணத்தில் உள்ளவை எல்லாம் எனக்குத் தமிழில் படித்துக் காட்டி விளக்கப்பட்டன, நான் புரிந்துகொண்டேன் என்று ஒரு உறுதிமொழி. யாரும் எதையும் படித்துக் காட்டவில்லை. பேக்கரிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். அந்தத் தாளிலும் தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்தோம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழில் கையெழுத்துப் போடுகிறவர்களிடம் பெரும்பாலும் இந்தத் தாளை வாங்குவார்கள். பின்னால் எனக்குப் புரியவில்லை என்று சொல்ல முடியாதபடி வாயை அடைக்கிற தாள் அதுதான். அதை நீட்டும்போது, சரி, அப்படியானால் இப்போது படித்துக் காட்டுங்கள் என்று கேட்டுவிடுங்கள். கேட்க வெட்கமே வேண்டாம். கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி இந்த நிறுவனங்களுக்கு வைத்திருக்கும் விதி. 2024 அக்டோபர் 1 முதல் கொடுக்கும் தனிநபர் கடன்களுக்கு வட்டி, கட்டணம் எல்லாம் அடங்கிய ஒரு சுருக்கத் தாளை கடன்தாரருக்குப் புரிகிற மொழியிலேயே தர வேண்டும் என்றும் வந்திருக்கிறது. ஜாமீன் போடுகிறவர் அந்தத் தாளின் நகலை நண்பனிடம் கேட்டு வாங்கிப் படித்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். நான் 2019-இல் என்ன வட்டி என்றுகூட நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

பேக்கரி நன்றாகத்தான் ஓடியது. 2020 பிப்ரவரி வரை எட்டுத் தவணை சரியாகக் கட்டினான். மார்ச்சில் ஊரடங்கு. ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணை தள்ளிவைத்துக்கொள்ளலாம் என்றார்கள், தள்ளிவைத்தான். தவணை நின்றதே தவிர வட்டி நிற்கவில்லை. செப்டம்பரில் மறுபடி ஆரம்பித்து ஏழு தவணை. அப்புறம் 2021 கோடையில் இரண்டாவது அலை. கடை மூடியது மூடியதுதான். கூலிக்கும் வாடகைக்கும் ஓவனை விற்றான், மிஷினை விற்றான், ஒரு நாள் திருப்பூருக்குப் போய்விட்டான். போன் எடுக்கவில்லை. 1,78,425 ரூபாய் கட்டிய பிறகும் பாக்கி வாங்கிய கடனைத் தாண்டி நின்றதற்குக் காரணம் இந்த ஆறு மாத வட்டியும், பின்னால் எட்டு மாதம் கட்டாமல் ஏறிய வட்டியும் அபராதமும்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது.

இனிமேல்தான் என் முட்டாள்தனம். நோட்டீஸை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அலுவலக மேசை இழுப்பறையில் பூட்டி வைத்து, எல்லோரும் போன பிறகு எடுத்துப் படித்தேன். வீட்டிலிருந்த பழைய கையகராதியில் எக்ஸ்டென்சிவ் இருந்தது: விரிவான, பரந்த. கோ-எக்ஸ்டென்சிவ் இல்லை. போனில் தட்டிப் பார்த்தேன். ‘கூட்டு விரிவான’ என்று காட்டியது. எனக்கு உயிர் வந்தது. கோ என்றாலே நம் ஊரில் என்ன? கோ-ஆப்பரேட்டிவ் என்றால் எல்லோரும் பங்கு போட்டுச் செய்வது. கோ-ஓனர் என்றால் பங்குதாரர். சகலையைக் கூட கோ-பிரதர் என்கிறோம், மாமனார் வீட்டு மரியாதையைப் பங்கு போட்டுக்கொள்கிறவர். ஆகவே கோ-எக்ஸ்டென்சிவ் என்றால் பொறுப்பு விரிந்து எல்லோருக்கும் பங்காகிறது என்று நானே முடிவுகட்டினேன். நண்பன் ஒன்று, மச்சான் ஒன்று, நான் ஒன்று. மூன்றில் ஒரு பங்கு என்னுடையது. அதுவும் கொஞ்சம் பேசினால் குறையும்.

அந்த நம்பிக்கையில் நானே ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். மூன்று இரவு உட்கார்ந்து எழுதியது. என் பொறுப்பு கோ-எக்ஸ்டென்சிவ் என்று நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள், ஆகவே என் பங்கை மட்டும் தவணையில் கட்டுகிறேன், முதல் தவணையாக 50,000 அனுப்புகிறேன் என்று. சங்கத்தில் கடன் வாங்கி அந்த 50,000-ஐக் கட்டியும்விட்டேன். வசூல் பிரிவிலிருந்து ஒருவர் போன் செய்து ரொம்ப மரியாதையாகப் பேசினார். “மீதியை எப்ப சார் கட்டுறீங்க?” என்றார். என் பங்கு மட்டும்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை, பாவம். “சார், லெட்டர்ல இருக்கிற வார்த்தையை யாராவது வக்கீல்கிட்ட காட்டுங்க” என்றார். அந்த நிறுவனத்தின் மேல் எனக்கு ஆயிரம் கோபம் உண்டு. ஆனால் எனக்கு முதல் நல்ல ஆலோசனை சொன்னவர் அந்த வசூல்காரர்தான்.

வீட்டில் சொன்னது அன்றைக்கு ராத்திரிதான். தபால் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. என் மனைவி சத்தம் போடவில்லை. “கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க” என்று மட்டும் கேட்டாள். சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். வயதானவர், பாதை வழக்குகளுக்காக எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர், என்னை முகம் தெரியும். நோட்டீஸைப் படித்தார். என் கடிதத்தின் நகலைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “இதை யாரைக் கேட்டு அனுப்பினீங்க?” என்றார். கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால் காலக்கெடுச் சட்டத்தின் 18-ஆவது பிரிவுப்படி வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் காலக்கெடு அந்தத் தேதியிலிருந்து புதிதாக ஓட ஆரம்பிக்கும். ஒரு பகுதிப் பணம் கட்டினால் 19-ஆவது பிரிவும் அதையே செய்யும். நான் ஒரே வாரத்தில் இரண்டையும் செய்திருந்தேன். என் விஷயத்தில் காலக்கெடு எப்படியும் முடியவில்லை, அதனால் பெரிய சேதம் இல்லை. ஆனால் மூன்று வருடம் ஆகப்போகிற பழைய கடனுக்கு நோட்டீஸ் வந்து, பயத்தில் இப்படி ஒரு கடிதம் எழுதினால் சாகப்போகிற பாம்புக்கு நாமே உயிர் கொடுத்த மாதிரி ஆகும் என்றார். ஆகவே நோட்டீஸ் வந்தால் பதில் எழுத வேண்டாம், ஐந்து பைசா கட்ட வேண்டாம், முதலில் வக்கீல். அதற்கு எனக்கு ஆனது அன்றைக்கு 500 ரூபாய்.

அப்புறம் அந்தச் சொல்லுக்கு வந்தார். நான் கோ-ஆப்பரேட்டிவ் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “நீங்க சர்வேயர்தானே? பட்டாவுல பரப்புன்னு ஒரு காலம் இருக்கே, அதுக்கு ஆங்கிலத்துல என்ன?” என்றார்.

எக்ஸ்டென்ட் என்றேன். சொல்லி முடிக்கும்போதே காது சூடானது.

இருபத்து இரண்டு வருடமாக நான் எழுதுகிற சொல். ஹெக்டேர், ஏர் என்று அதன் கீழே எண் போட்டுக்கொண்டே இருக்கிற சொல். பழைய கிரயப் பத்திரங்களில் விஸ்தீரணம் என்று இருக்கும், அதுவேதான். கோ-எக்ஸ்டென்சிவ் என்பதில் நான் தேடியது எக்ஸ்டென்சிவை, அதாவது பரந்ததை. உள்ளே உட்கார்ந்திருந்தது எக்ஸ்டென்ட், அதாவது பரப்பு. ஒரே பரப்பு உடையது. ஒன்றின் எல்லை எங்கே முடிகிறதோ அங்கேயேதான் மற்றதன் எல்லையும். வக்கீலம்மா மேசையில் இருந்த இரண்டு வெள்ளைத் தாளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து விளிம்பைத் தட்டிச் சரிசெய்தார். நாங்கள் புலப்படத்தின் மேல் டிரேசிங் தாளை வைத்துக் கோடு கோடாய் ஒத்துப் பார்ப்போமே, அதே வேலை. கீழே இருப்பது நண்பனின் கடன், மேலே இருப்பது என் பொறுப்பு. கீழ்த்தாள் வட்டியால் வளர்ந்தால் மேல்தாளும் வளரும். அபராத வட்டி ஏறினால் எனக்கும் ஏறும். மூன்று பேருக்கும் மூன்று துண்டு அங்கே இல்லை. மூன்று முழுத்தாள், ஒன்றன்மேல் ஒன்று. பணம் ஒருமுறைதான் வாங்குவார்கள். ஆனால் அதை யாரிடம் வேண்டுமானாலும் முழுசாகக் கேட்கலாம்.

இது 1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவு. ஒரே ஒரு வாக்கியம். ஜாமீன்தாரரின் பொறுப்பு முதல் கடன்தாரரின் பொறுப்போடு கோ-எக்ஸ்டென்சிவ், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாத வரையில். அவ்வளவுதான். நான் விடவில்லை. முதலில் அவனைப் பிடிக்கட்டும், அவனிடம் ஒன்றும் கிடைக்காவிட்டால் என்னிடம் வரட்டும், அதுதானே நியாயம் என்றேன். ஊரில் ஜாமீன் போட்ட பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒரு வரிசை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1960-களின் கடைசியிலேயே பீகார் வங்கி வழக்கில் சொல்லிவிட்டதாம். கடன்காரனைத் துரத்திக் களைத்த பிறகுதான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்றால் ஜாமீன் வாங்குவதற்கே அர்த்தம் இல்லை என்பது அங்கே சொன்ன காரணம். கேட்க எரிச்சலாக இருந்தாலும் கடன் கொடுத்தவன் இடத்திலிருந்து பார்த்தால் சரிதான். திருப்பூரில் ஒளிந்திருக்கிறவனைத் தேடுவதை விட, மாதம் முதல் தேதி சம்பளம் வாங்கும் ஆள் பக்கத்திலேயே இருக்கிறான்.

அந்த வாக்கியத்தின் பின்பாதியைத்தான் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ‘வேறு விதமாகச் சொல்லப்படாத வரையில்.’ அதாவது சொல்லிக்கொள்ள இடம் இருக்கிறது. என் பொறுப்பு 1 லட்சம் வரை மட்டும், அல்லது முதல் இரண்டு வருடத்துக்கு மட்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம். அப்படி எழுதினால் மேல்தாளை நாமே கத்தரித்து விடுகிறோம். அச்சடித்த படிவம் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் அநேகமாக ஒத்துக்கொள்ளாது. ஆனால் ஊருக்குள் கொடுக்கல் வாங்கல், தெரிந்தவர் நடத்தும் சீட்டு, சொந்தக்காரர் கடன் இதிலெல்லாம் கேட்டால் எழுதுவார்கள். கேட்டு மறுத்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

கோர்ட்டுக்குப் போனால் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று பயந்துபோய்க் கேட்டேன். ஜீவனாம்சம் அல்லாத கடனுக்கு முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது, மிச்சம் ஒரு பங்கைத்தான் ஜப்தி செய்யலாம் என்றார். வருங்கால வைப்பு நிதியைத் தொடவே முடியாது. இதைக் கேட்டதும் கொஞ்சம் தூக்கம் வந்தது. ஆனால் தீர்ப்பு வரும்வரை வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் மறுபடியும் அதே சொல். ஆகவே பேசி முடிப்பது என்று முடிவு செய்தோம்.

பேச்சுக்கு எங்கள் கையில் இருந்த ஒரே துருப்பு, வேடிக்கை பாருங்கள், அதுவும் எக்ஸ்டென்ட்தான். கடனுக்கு ஓவனும் மிஷினும் ஈடு. ஈடாக இருந்த பொருளைக் கடன் கொடுத்தவர் ஜாமீன்தாரரைக் கேட்காமல் கைநழுவ விட்டால், அந்தப் பொருளின் மதிப்பு எந்த அளவோ அந்த அளவுக்கு ஜாமீன்தாரர் விடுபடுகிறார் என்று அதே ஒப்பந்தச் சட்டத்தின் 141-ஆவது பிரிவு சொல்கிறது. ‘டு தி எக்ஸ்டென்ட் ஆஃப் தி வேல்யூ’ என்பது அதிலுள்ள வாசகம். ஓவன் விற்கப்பட்டு ஐந்து மாதமாக யாரும் வந்து பார்க்கவில்லை. கோர்ட்டில் இது முழுசாக நிற்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, படிவத்தில் எந்த உரிமையை எல்லாம் விட்டுக்கொடுத்து வைத்தீர்களோ என்று வக்கீலம்மாவே சொன்னார். ஆனால் மேசையில் வைத்துப் பேச உதவியது. ஒரு வருடம் இழுத்து 2022 கடைசியில் மக்கள் நீதிமன்றத்தில் 3 லட்சத்து 60 ஆயிரத்துக்கு முடிந்தது. அங்கே கோர்ட் கட்டணம் இல்லை, முடிந்தால் முடிந்ததுதான், மேல்முறையீடும் இல்லை. நான் முதலில் அவசரப்பட்டுக் கட்டிய 50,000 அபராத வட்டியில் கரைந்துபோனது, அதைக் கணக்கில் சேர்க்கச் சொல்லிக் கேட்டதற்கு மறுத்துவிட்டார்கள். ஆக மொத்தம் 4,10,000. வக்கீல் செலவு 12,000 தனி.

வைப்பு நிதியில் 2 லட்சம் எடுத்தேன். கோர்ட்டே தொட முடியாத பணம் என்று சொன்னேனே, அதே பணம்தான். மீதிக்கு மனைவியின் ஆறு பவுன் அடகுக்குப் போனது. 14 மாதம் கழித்துத் திருப்பினோம், வட்டி மட்டும் ஏறக்குறைய 17,000. அந்த 14 மாதமும் எந்தக் கல்யாணத்துக்கும் அவள் முன்வரிசையில் உட்காரவில்லை. நானும் கேட்கவில்லை.

முடிந்தது என்று நினைத்தபோது இன்னொரு சொல் வந்து கடித்தது. 2023-இல் வீட்டுக் கடனுக்குப் போனேன். கொடுக்க முடியாது என்றார்கள். ஜாமீன் போட்ட கடன் நம் பெயரிலும் கடன் அறிக்கையில் வரும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அதில் என் கணக்கின் நிலை ‘செட்டில்டு’ என்று இருந்தது. நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். தீர்ந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? கடன் உலகத்தில் செட்டில்டு என்றால் முழுசாகக் கட்டாமல் குறைத்துப் பேசி முடித்தவன் என்று அர்த்தம். முழுசாகக் கட்டினால் ‘குளோஸ்டு’ என்று வர வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை கடன் தகவல் நிறுவனங்களிடம் நம் அறிக்கையை இலவசமாக வாங்கலாம். ஜாமீன் போட்டவர்கள் கட்டாயம் வாங்கிப் பாருங்கள். நண்பன் இரண்டு தவணை தவறும்போதே அது அதில் தெரியும். எனக்கு நோட்டீஸ் வந்தபோது எட்டுத் தவணை போயிருந்தது. முதல் இரண்டு மாதத்தில் தெரிந்திருந்தால் ஓவன் இருக்கும்போதே அவனைப் பிடித்து உட்கார வைத்திருக்கலாம்.

அந்தச் சொல்லை அப்புறம் நான் விடவில்லை. சூடு கண்ட பூனை என்று நினைத்துக்கொள்ளுங்கள். எங்கெல்லாம் வருகிறது என்று தேடித் தேடிப் படித்தேன். பின்னால் பெரும்பாலும் ‘வித்’ வரும், ‘டு’ வராது. ஒன்று இன்னொன்றோடு கோ-எக்ஸ்டென்சிவ், அல்லது இரண்டும் கோ-எக்ஸ்டென்சிவ் என்றுதான் சொல்ல முடியும், தனியாக நிற்காது. எதோடு என்ற கேள்விக்குப் பதில் அதே வரியில் இருக்க வேண்டும். ‘வெரி’ சேர்க்கக் கூடாது. பொருந்தினால் பொருந்தியது, இல்லாவிட்டால் இல்லை. எல்லைக்கல் ரொம்பப் பொருந்தியது என்று நாம் எழுதுவதில்லையே. சட்டத்தில் நடுவே சிறு கோடு போட்டு எழுதியிருக்கிறது, இப்போதைய அகராதிகளில் சேர்த்தே எழுதுகிறார்கள், இரண்டும் சரி. கடனுக்கு மட்டும் உரிய சொல் அல்ல இது. சென்னை மாநகராட்சி 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தது, ஆனால் சென்னை மாவட்டம் பழைய அளவிலேயே இருந்தது. அந்தக் காலத்தில் இரண்டும் கோ-எக்ஸ்டென்சிவ் இல்லை. 2018-இல் மாவட்டத்தையும் 426-க்கு விரித்த பிறகு ஆனது. மாநில அரசின் நிர்வாக அதிகாரம் சட்டமன்றத்தின் அதிகாரத்தோடு கோ-எக்ஸ்டென்சிவ் என்று அரசமைப்புச் சட்டத்தின் 162-ஆவது பிரிவைப் பற்றி எழுதும்போது சொல்வார்கள். எங்கே பார்த்தாலும் அந்த இரண்டு தாள்தான். அளவில் சமம் என்பது மட்டும் போதாது. நாலு ஏக்கர் தோட்டம் இங்கே ஒன்று, அங்கே ஒன்று இருந்தால் அவை சம அளவு, கோ-எக்ஸ்டென்சிவ் இல்லை. ஒரே இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்க வேண்டும்.

என் படிவத்தின் நகலையும் வாங்கிப் படித்தேன். 2019-இல் யாரும் எனக்கு நகல் தரவில்லை, நானும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்ட அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். அதில் இந்தச் சொல்லின் பங்காளிகள் நாலைந்து பேர் இருந்தார்கள். ‘செவரல்’ என்பதைப் பள்ளிக்கூடத்தில் பல என்று படித்தோம். ‘ஜாயின்ட் அண்ட் செவரல்’ என்று வரும்போது அதற்குத் தனித்தனி என்று அர்த்தம். நம் பத்திரங்களில் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்று வருமே, அது. கூட்டாகவும் என்பதைப் படித்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள், ஆபத்து தனித்தனியில் இருக்கிறது. ‘இர்ரெவோகபிள்’ என்றால் திரும்பப் பெற முடியாதது. ‘கன்டினியூயிங்’ என்றால் ஒரு கடனோடு முடியாமல் அடுத்தடுத்து எடுக்கிற கடனுக்கும் தொடர்வது. வியாபாரிகளின் ஓவர்டிராஃப்ட் கணக்கில் இது வரும். இந்த ஒன்றில் மட்டும், இனிமேல் கொடுப்பதற்கு நான் பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுத்து விலகச் சட்டமே வழி வைத்திருக்கிறது, 130-ஆவது பிரிவு. அதுவரை கொடுத்ததற்கு விலக முடியாது. இவை எல்லாமே பெயருக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொள்கிற சின்னச் சொற்கள். வினைச்சொல் தெரிந்தால் வாக்கியம் புரிந்துவிடும் என்று நினைத்துத்தான் நான் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். சட்டத் தாளில் விஷமெல்லாம் பெயரடையில்தான். போன் மொழிபெயர்ப்பை இந்த இடத்தில் நம்பவே வேண்டாம்.

பணம் கட்டியவருக்கும் உரிமை உண்டு. நண்பனிடம் முழுவதையும் திரும்பக் கேட்கலாம், 145-ஆவது பிரிவு. இன்னொரு ஜாமீன்தாரரிடம் அவர் பாதியைக் கேட்கலாம், 146. நான் மச்சானுக்கு நோட்டீஸ் அனுப்பி, ஊர்ப் பெரியவர் இரண்டு பேரை வைத்துப் பேசி, 60,000 வாங்கினேன். அதற்குமேல் அவரிடம் இல்லை என்பது எனக்கே தெரியும். நண்பன் மேல் வழக்குப் போடச் சொன்னார்கள், போடவில்லை. 2023 ஜூலையில் அவனே போன் செய்தான். ஒரு பனியன் கம்பெனியில் கேன்டீன் பார்க்கிறானாம். அதிலிருந்து மாதம் 2,000 போனில் அனுப்புகிறான். இதுவரை 24 மாதம். பணம் வந்த சத்தம் கேட்கும், கூடவே “மாப்ள” என்று ஒரு செய்தி வரும். அவ்வளவுதான், வேறு எதுவும் எழுத மாட்டான். நான் பதில் போடுவதில்லை. ஆனால் ஐந்தாம் தேதி சத்தம் வராவிட்டால் என்ன ஆச்சோ என்று இருக்கிறது.

போன மாதம் எங்கள் அலுவலகத்துத் தம்பி ஒருவன் சீட்டு எடுக்க ஜாமீன் கேட்டு வந்தான். “அண்ணா, ஒரு கையெழுத்துதாங்கண்ணா” என்றான். படிவத்தை வாங்கி உட்கார்ந்து படித்தேன். பத்து நிமிடம் ஆயிற்று, அவன் நின்றுகொண்டே இருந்தான். கோ-எக்ஸ்டென்சிவ் அதில் இல்லை. மூன்றாம் பக்கத்தில் ‘செவரலி’ இருந்தது. பென்சிலால் அதைச் சுழித்து, பக்கத்தில் தனித்தனியாக என்று எழுதி, மொத்தச் சீட்டு எவ்வளவு, மாதம் எவ்வளவு, இன்னும் எத்தனை மாதம் என்று அவனிடம் கேட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவனும் உட்கார்ந்தான்.